மூன்றாம் இரவு

நான்கு படங்கள் வரும். ஹவாய்த் தீவுகளில் ஹாலியாகலா மலை உச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்தவை. வானத்தின் ஒரே துண்டை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை எடுத்திருப்பார்கள். திரையில் அவற்றை மாற்றி மாற்றி ஓட விட்டால் விண்மீன்கள் அசையாமல் நிற்கும். எங்கோ ஒரு மூலையில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் மங்கலில், ஒரு புள்ளி மட்டும் நான்கு படத்திலும் நான்கு இடத்தில் இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் முதன்மைப் பட்டையில் உள்ள ஒரு சிறுகோளாக அது இருக்கலாம். கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம். எது என்று அளந்து சொல்வதைத்தான் ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மதியங்களில் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

எனக்கு வானியலில் பட்டம் கிடையாது. பர்கூர் பக்கத்துக் கல் உடைக்கும் குடும்பம். ஐடிஐ முடித்துவிட்டு 1980-களில் ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை இன்ஸ்பெக்‌ஷன்தான். லேத்திலும் கிரைண்டிங்கிலும் மற்றவர்கள் செய்து கொண்டுவரும் பொருளை 20 டிகிரியில் வைத்த அறையில் ஒரு இரவு ஊற வைத்து, மறுநாள் அளந்து, சரி என்றோ ரிஜெக்ட் என்றோ சீட்டு எழுதுகிற வேலை. அந்த அறையின் நடுவில் கருங்கல்லில் செய்த சர்ஃபேஸ் பிளேட் இருக்கும். எல்லா அளவும் அதன் மேல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கல்லே சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஆட்டோகாலிமேட்டர் வரும். அது சாய்வை ஆர்க் செகண்டில் காட்டும். ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் வருவது ஒரு ஆர்க் செகண்ட். ஒரு மீட்டர் நீளக் கல்லின் ஒரு முனையை ஐந்து மைக்ரான் தூக்கினால் ஏறக்குறைய அவ்வளவு சாய்வு வரும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரம். பல வருடங்கள் கழித்து, வானத்தில் சிறுகோளின் இடத்தையும் இதே ஆர்க் செகண்டில்தான் சொல்கிறார்கள் என்று படித்தபோது, நான் அறிமுகமில்லாத துறைக்குள் போகவில்லை என்று தெரிந்தது.

அமெரிக்காவில் பேட்ரிக் மில்லர் என்ற பேராசிரியர் 2006-இல் தொடங்கிய பன்னாட்டுத் தேடல் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்கப் பள்ளிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் பான்-ஸ்டார்ஸ் படங்களை இலவசமாக அனுப்புகிறது. அளக்க ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் ராப் எழுதியது. பழைய கணினியிலும் ஓடும். அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்த பிறகு கருவிக்குக் குறையில்லை. மின்சாரம் போகாமல் இருந்தால் போதும்.

வேலை இப்படி நடக்கும். முதலில் படத்தில் இருக்கும் விண்மீன்களை மென்பொருள் அடையாளம் காண வேண்டும். அவற்றின் இடங்கள் கையா விண்கலம் தயாரித்த அட்டவணையிலிருந்து வருகின்றன. நூற்றுக்கணக்கான விண்மீன்களின் இடம் துல்லியமாகத் தெரிந்தால், அவற்றுக்கு நடுவே இருக்கும் புதுப் புள்ளியின் இடத்தையும் சொல்லிவிடலாம். டூல் ரூமில் ஸ்லிப் கேஜ் வைத்து டயலைப் பூஜ்யம் செய்துவிட்டு, பிறகு ஜாபைக் கீழே வைப்போமே, அதே முறை. பிறகு புள்ளியின் மேல் சொடுக்கினால் ஒரு வளைவு விரியும். ஒளி நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரே சீராகச் சரிய வேண்டும். பக்கத்து விண்மீன்களின் வளைவு எவ்வளவு அகலமோ இதுவும் அவ்வளவு அகலம் இருக்க வேண்டும். ஊசி மாதிரி ஒல்லியாக நின்றால் அது வானத்திலிருந்து வந்த ஒளியே இல்லை. சென்சாரில் காஸ்மிக் கதிர் அடித்த தடம், அல்லது கெட்டுப்போன பிக்சல். நான்கு படத்திலும் ஒளி அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு இடங்களும் ஒரு நேர்கோட்டில் வர வேண்டும். படத்துக்குப் படம் எவ்வளவு நேர இடைவெளியோ அதே விகிதத்தில் தூரமும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சோதனையில்தான் பெரும்பாலான போலிப் புள்ளிகள் விழுந்துவிடும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கு நேர் எதிரே இருக்கையில், அதாவது நள்ளிரவில் உச்சிக்கு வரும் காலத்தில், முதன்மைப் பட்டைச் சிறுகோள் நிமிடத்துக்குச் சுமார் அரை ஆர்க் செகண்ட் நகரும். ஒரு மணி நேரத்தில் முப்பது. முழுநிலவின் அகலத்தில் அறுபதில் ஒரு பங்கு. இந்த வேகத்துக்கு வெகு தொலைவில் விலகியிருந்தால் அது வேறு இடத்துப் பொருள், அல்லது பொருளே இல்லை. பிள்ளைகளிடம் நான் முதல் மாதம் இதை மட்டும்தான் கேட்பேன்: எவ்வளவு நகர்ந்தது, எத்தனை நிமிடத்தில்? தாளில் கணக்குப் போட்டுக் காட்டு. மென்பொருள் சொன்னது வேண்டாம்.

அந்தப் புள்ளிகள் எவ்வளவு மங்கல் என்பதையும் கணக்காகச் சொல்லிக் கொடுப்பேன். ஒளியைப் பரிமாணம் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீன் ஆறாம் பரிமாணம். நாங்கள் அளப்பவை இருபது, இருபத்தொன்று. பரிமாணத்தில் ஐந்து கூடினால் ஒளி நூறில் ஒரு பங்காகும். பதினைந்து கூடினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த நூறு மடங்கு என்ற அளவுகோலை 1856-இல் வகுத்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். உலகம் முழுக்க இன்றும் அதுதான் நடைமுறை. அவர் 1861-இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்து, 1891-இல் அங்கேயே இறந்தார். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அந்த வானாய்வகத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. உடைந்து காணாமல் போயிருந்த பியலா வால்மீனின் துகள்கள் அவை. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரின் கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர், பியலா பூமியை உரசிவிட்டுப் போயிருக்கிறது, அது தெற்கு வானத்தில்தான் தெரியும் என்று கணித்து, சென்னைக்குத் தந்தி அடித்தார். தீட்டா சென்டாரி விண்மீனுக்கு அருகில் தேடு என்பது செய்தி. போக்சன் தேடினார். மேகம் விலகிய நேரத்தில் சொன்ன இடத்தின் அருகிலேயே ஒரு வால்மீனைக் கண்டார். டிசம்பர் 2, டிசம்பர் 3. இரண்டு நாள் இடத்தை அளந்தார். அதன் பிறகு வானம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது வால்மீன் இல்லை. அது பியலாவா, வேறு ஒன்றா, எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இன்றுவரை யாராலும் கணக்கிட முடியவில்லை. போக்சன் பெயரோடு காணாமல் போன வால்மீன்களில் ஒன்றாக அது நிற்கிறது.

ஏன் முடியவில்லை? சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் தேவை. பாதையின் அளவு, அது எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு எந்தத் திசையில், நீள்வட்டம் எப்படித் திரும்பியிருக்கிறது, பொருள் இப்போது அதில் எங்கே நிற்கிறது. நாம் ஒரு முறை அளந்தால் கிடைப்பவை இரண்டு எண்கள்தான். வானத்தில் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. தூரம் தெரியாது. இரண்டு இரவு அளந்தால் நான்கு எண்கள். மூன்றாம் இரவு அளந்தால்தான் ஆறு வரும். போக்சனுக்கு அந்த மூன்றாம் இரவு கிடைக்கவில்லை. அவருடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை. சென்னையில் டிசம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழை.

1801-இன் முதல் நாள் இரவு இத்தாலியின் பலெர்மோவில் பியாட்சி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். பிப்ரவரி வரை தொடர்ந்து அளந்தார். பிறகு அது சூரியனின் வெளிச்சத்துக்குள் போய்விட்டது. இருபத்து நான்கு வயதுக் கணிதவியலாளர் காஸ் அந்த அளவுகளை வைத்தே புது முறை ஒன்றை உருவாக்கி, அது திரும்ப எங்கே வரும் என்று சொன்னார். அந்த ஆண்டின் கடைசி இரவில் ஃபான் ஸாக் அதை மீட்டார். காஸ் மேதைதான். ஆனால் அவருக்குக் கணக்குப் போடக் கையில் போதுமான அளவுகள் இருந்தன.

போக்சனின் சிறுகோள்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு நேரம் போவது தெரியாது. சென்னைக்கு வந்த இரண்டே மாதத்தில், 1861 ஏப்ரல் 17 அன்று, 67-ஆம் எண் சிறுகோளைக் கண்டார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்று பெயர். 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா. புகைப்படத் தட்டில் சிறுகோள் தேடும் முறை அன்றைக்கு இல்லை. வானத்தின் ஒரு பகுதியில் உள்ள மங்கலான விண்மீன்கள் எல்லாவற்றையும் வரைபடமாக்கி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரவுகளில் ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளியைக் கண்ணால் பிடிக்க வேண்டும். அங்கே சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற தமிழ்நாட்டு உதவியாளர் இருந்தார். பஞ்சாங்கக் கணிதக் குடும்பம். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டவர். போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் கணக்கீட்டாளராக இருந்தார். கண்டவர் பெயர் ஒன்றாக இருந்தாலும், அளந்தவர்களும் கணக்கிட்டவர்களும் எப்போதும் பல பேர். டூல் ரூமிலிருந்து வந்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகாது.

சில்வியா எனக்குத் தனியாகப் பிடிக்கும். முதன்மைப் பட்டையின் வெளி விளிம்பில், ஆறரை ஆண்டுக்கு ஒரு சுற்று. சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீட்டர். அதற்கு ஒரு துணைக்கோள் இருப்பது 2001-இல் தெரிந்தது. இரண்டாவது ஒன்றும் இருப்பதை 2005-இல் அறிவித்தார்கள். இரண்டு துணைக்கோள்கள் உள்ளதாக முதன்முதலில் தெரிய வந்த சிறுகோள் அதுதான். பெயர்கள் ரோமுலஸ், ரீமஸ். பிறகு கமில்லாவுக்கும் இரண்டு இருப்பது தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் ஒருவர் குழலில் கண் வைத்துப் பிடித்த ஐந்தில் இரண்டு, தம் நிலாக்களோடு சுற்றும் குடும்பங்கள்! துணைக்கோளின் சுற்றை அளந்தால் தாய்க்கோளின் எடை தெரியும். எடை தெரிந்தால் உள்ளே கெட்டியா பொலபொலப்பா என்று சொல்லலாம். சில்வியா பொலபொலப்புதான். உடைந்து சிதறிய துண்டுகள் மறுபடி சேர்ந்த குவியல் என்று கருதுகிறார்கள்.

நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம் இருக்கும் வளாகத்தில், பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் நிறுத்தியது. தமிழிலும் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். அளவுக் கருவியைத் தாங்க அதை நிறுத்தினார்கள். தாங்கும் கல் ஆடினால் மேலே எடுக்கும் அளவும் ஆடும் என்பது இருநூறு ஆண்டுக்கு முன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சென்னைக்குப் போகும்போது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் கடற்கரையைப் பார்க்கப் போவார்கள். நான் அந்தக் கல்லைப் பார்க்கப் போவேன்.

சென்னையின் வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போனது. அந்த வழியில் வானியலாளர் வைனு பாப்பு 1960-களின் கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் காவலூர் நேர் கிழக்கு. இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. திருப்பத்தூர் போய், ஆலங்காயம் வழியாக மலை ஏற வேண்டும். அங்கே கல்கி என்ற பெயரில் சிறுகோள் தேடும் திட்டம் நடந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். வேராவுக்குப் பிறகு, நூறு ஆண்டு கடந்து, இந்திய மண்ணிலிருந்து கண்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் கணிதமேதை ராமானுஜனின் நூற்றாண்டு நிறைவுற்றிருந்தது. அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அது 4130 ராமானுஜன்.

பெயருக்கு முன்னால் அதற்கு இருந்த அடையாளம் 1988 டிக்யூ1. இதைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு பாதியாக்கி ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி முதல் பாதி ஏ, இரண்டாம் பாதி பி. அப்படியே போனால் டி என்பது பிப்ரவரி இரண்டாம் பாதி. அடுத்த எழுத்து அந்தப் பாதியில் எத்தனையாவது என்று சொல்லும். ஐ எழுத்தைச் சேர்ப்பதில்லை, அதனால் ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து. க்யூ பதினாறாவது எழுத்து. பின்னால் உள்ள 1, ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பதைக் குறிக்கும். இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று. ஆக, 1988 பிப்ரவரி இரண்டாம் பாதியில் உலகம் முழுக்கப் பதிவானவற்றில் நாற்பத்தொன்றாவது. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜாப் கார்டு ஞாபகம் வரும். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எத்தனையாவது பீஸ் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இந்த அடையாளத்திலிருந்து நிரந்தர எண் கிடைக்கும் வரைதான் உண்மையான வேலை. முதன்மைப் பட்டைச் சிறுகோள் ஒன்றேகால் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை நன்றாகத் தெரியும் நிலைக்கு வரும். அப்படி வரும் பல முறைகளில் அளந்து, பாதை இனி தவறாது என்று உறுதியான பிறகுதான் மாசசூசெட்ஸில் இருக்கும் சிறுகோள் மையம் எண் தரும். பள்ளிப் பிள்ளைகள் அளந்து அனுப்பும் ஒரு புள்ளிக்கு அந்த எண் வர ஆறேழு ஆண்டு ஆகலாம், பத்தும் ஆகலாம். எண் வந்த பிறகுதான் பெயரைப் பற்றிப் பேச்சே.

அதனால்தான் எனக்கு ஒரு விஷயத்தில் கோபம் வருகிறது. ஒரு பள்ளி படம் அளந்து அறிக்கை அனுப்பும். முதற்கட்டச் சான்றிதழ் ஒன்று வரும். மறுநாள் மாணவர்கள் புதிய கோளைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வரும், மாலை விழும், ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவார்கள். அடுத்த வருடம் அந்தப் புள்ளி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. சொல்லிக் கொடுத்தவரே கேட்பதில்லை. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மாதக்கணக்கில் உட்கார்ந்து அளந்த உழைப்புக்கு இது மரியாதை இல்லை.

எங்கள் லேபில் ஒரு முறை இது நேராகவே வந்தது. சூளகிரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி; வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். மிகவும் மங்கலான ஒரு புள்ளியைப் பிடித்தாள். வளைவு சரி, வேகம் சரி, கோடு சரி. முதற்கட்டப் பட்டியலில் வந்தது. சில மாதம் கழித்து, அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேறு ஒரு கணக்கெடுப்பு எடுத்த அளவுகளோடு அது பொருந்துகிறது என்று தெரிந்தது. ஏற்கெனவே பார்த்த பொருள். கண்டறிந்தவர் உரிமை அங்கே போய்விட்டது.

"அப்ப நான் அளந்தது வேஸ்ட்டா சார்?" என்று கேட்டாள்.

அவளை உட்கார வைத்து அந்தச் சிறுகோளின் பதிவுகளைத் திறந்து காட்டினேன். தேதி வரிசையில் இடங்கள். பழைய அளவுகள் ஒரு கொத்து, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு அவள் அளந்த நான்கு வரி. அந்த நான்கு வரி வருவதற்கு முன் பாதை எவ்வளவு தெளிவில்லாமல் இருந்திருக்கும், வந்த பின் எவ்வளவு இறுகியிருக்கும் என்று தாளில் வரைந்தோம். கண்டவர் இரண்டு இரவு பார்த்தார். நீ மூன்றாவதைக் கொடுத்தாய் என்றேன். போக்சனின் வால்மீனுக்கு அந்த டிசம்பரில் உலகத்தில் வேறு யாராவது ஒருவர், எந்த ஊரிலிருந்தாவது, இன்னொரு இரவு அளந்து தந்திருந்தால் அது தொலைந்திருக்காது. அவள் சமாதானம் ஆனாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதன் பிறகு தெரிந்த சிறுகோள்களை அளப்பதை அவள் குறைவாக நினைக்கவில்லை.

எங்கள் பகுதியிலிருந்து வானத்தை நேரே பார்ப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகி வருகிறது. வடமேற்கில் பெங்களூரின் வெளிச்சம். நடுவில் சிப்காட் கொட்டகைகளின் விளக்குகள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது தளி ரோட்டில் பால்வீதி தெரியும். இப்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. யானை நடமாட்டம் உள்ள காடு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊருக்குள்ளேயே ஒரு வீட்டு மாடியில் நிற்போம். தொழிற்சாலை எங்களுக்குச் சோறு போட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே பார்த்து எரியும் விளக்கைக் கீழே திருப்ப எந்த ஆலைக்கும் பெரிய செலவு இல்லை. அதை யாராவது கேட்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கே போனால் வெஸ்டாவைக் காட்டுவேன். 1807-இல் கண்டது, விட்டம் 525 கிலோமீட்டர், 2011-இல் டான் விண்கலம் போய் ஓராண்டுக்கும் மேல் சுற்றி வந்தது. சிறுகோள்களில் மிகப் பிரகாசமானது. நல்ல நிலைக்கு வரும் மாதங்களில் சாதாரண பைனாகுலரில் தெரியும், மிக இருட்டான இடத்தில் கண்ணுக்கே தட்டுப்படும். முதல் பார்வைக்கு அது எந்த விண்மீனிலிருந்தும் வேறுபடாது. அதனால் எது வெஸ்டா என்று நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். பைனாகுலரில் தெரியும் புள்ளிகளை எல்லாம் வரைய வேண்டும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி. மழை, மேகம் வந்தால் வீட்டு மாடியிலிருந்தாவது முயல வேண்டும். அடுத்த குழுவுக்கு இந்த முறை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: மூன்று வெவ்வேறு இரவுகளின் வரைபடம் கையில் இல்லாதவர் கணினி முன்னால் உட்கார முடியாது. பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை, சான்றிதழ் தாமதமாகும் என்கிறார்கள். ஆகட்டும்.